காலரைத் திருப்பிப் பார்த்தவள்

எனக்கு அவளைப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் வந்து, "பாவம், சிநேகிதியை நினைத்து எப்படி உருகுகிறாள்" என்று மூக்கைச் சிந்த வேண்டாம். சிநேகிதியும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. பதினோரு வருடம் பக்கத்துப் பக்கத்து மிஷினில் உட்கார்ந்திருந்தோம், அவ்வளவுதான்.

அவளை எல்லோரும் காலர் என்றுதான் கூப்பிடுவோம். சட்டைக் கம்பெனி எங்களுடையது. கீழே பெரிய ஹாலில் நானூறு மிஷின். மேலே ஒரு சின்ன அறையில் நாங்கள் ஐந்து பேர். வாங்க வருகிறவனுக்குக் காட்டும் முதல் சட்டையை நாங்கள்தான் தைப்போம். அதை அவன் தடவிப் பார்த்துத் தலையாட்டினால்தான் கீழே நானூறு மிஷினும் ஓடும். காலர் வைப்பதில் அவளை அடிக்க ஆள் கிடையாது. இரண்டு முனையையும் சேர்த்துப் பிடித்தால் ஒரு நூலிழை ஏற இறங்க இருக்காது. வாங்குகிறவர்களே, "அந்தம்மா தைச்சதா?" என்று கேட்பார்கள். அதைக் கேட்டு அவளுக்குத் தலைகால் புரியாது.

நான் காஜா. பட்டன் நுழைகிற துளைக்குக் காஜா என்று பெயர், அதை அடிக்கிறவளுக்கும் அதே பெயராகிவிட்டது. என் மிஷின் துளையின் ஓரத்தைச் சுற்றித் தைத்து முடித்ததும் நடுவில் ஒரு குட்டிக் கத்தி இறங்கித் துணியை வெட்டும். மற்ற தையல் தப்பிப்போனால் பிரித்துவிட்டு மறுபடி தைக்கலாம். காஜாவைப் பிரிக்க முடியாது, ஓட்டை விழுந்தது விழுந்ததுதான். அதனால் அடிப்பதற்கு முன்னால் சட்டையை முன்னும் பின்னும் ஒரு தரம் திருப்பிப் பார்த்துவிடுவேன். அப்படிப் பார்க்காமல் ஒரு நாளும் நான் கத்தியை இறக்கியதில்லை.

அவளை ஏன் பிடிக்காது என்றால், வாய். ஒரு தடவை வாங்குகிறவன் எதிரிலேயே நான் காஜா அடித்த சட்டையைத் தூக்கிப் பிடித்து, "இது காஜாவா, எலி கடிச்சதா?" என்றாள். அறையே சிரித்தது. வந்தவனுக்கு மொழி தெரியாது, அவனும் சேர்ந்து சிரித்தான். அன்றிலிருந்து வேலைப் பேச்சைத் தவிர வேறு பேச்சு எங்களுக்குள் கிடையாது.

முதலில் அவளைப் பிடித்தது தைராய்டு. இரண்டாவது பிரசவம் முடிந்து வேலைக்குத் திரும்பியவள் உப்பிப்போய் வந்தாள். முகம் வீங்கியிருந்தது. சீப்பு வைத்தால் முடி கொத்துக் கொத்தாக வந்தது. நல்ல வெயிலில் நாங்கள் ஃபேனுக்கு அடித்துக்கொள்வோம், அவள் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தைத்துக்கொண்டே தலை தொங்கும். "தின்னுட்டுத் தூங்கினா ஊதாம என்ன செய்யும்?" என்று சொன்னது வேறு யாருமில்லை, நான்தான். கடைசியில் ரத்தம் எடுத்துப் பார்த்து, கழுத்துச் சுரப்பி வேலை செய்யவில்லை என்றார்கள். தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு குட்டி மாத்திரை. அதைப் போட்டுவிட்டு ஒரு மணி நேரத்துக்கு டீகூடக் குடிக்கக் கூடாது. மூன்று மாதத்தில் வீக்கம் வடிந்து, வாய் பழையபடி நீண்டது.

இரண்டு வருடம் கழித்து விரல்களைப் பிடித்தது. முடக்குவாதம். மற்றவர்களுக்கு வயதானால் முழங்கால் வலிக்குமே, அந்த ஜாதி இல்லை இது. முப்பத்தெட்டு வயதில் வந்தது. காலையில் எழுந்தால் பத்து விரலும் மரக்கட்டை. சுடுதண்ணீரில் கையை முக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாளாம். ஏழு வயது மகள்தான் அம்மாவுக்குத் தலை வாரிவிட்டு, பட்டன் போட்டுவிடுவாள். ஊருக்கெல்லாம் சட்டை தைக்கிறவளுக்குத் தன் சட்டையில் பட்டன் போட ஆள் வேண்டியிருந்தது.

இதற்கும் மாத்திரை உண்டு. ஆனால் அதை வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகுதான் போட வேண்டும். ஆக, ஆறு மணிக்கு எழுந்ததும் தைராய்டு மாத்திரை. ஏழு மணி வரை பட்டினி. அப்புறம் சாப்பாடு, மூட்டு மாத்திரை, பஸ். அது வேலை செய்து விரல் இளகும்போது பதினோரு மணி ஆகிவிடும். எங்கள் வேலையோ எட்டு மணிக்கு.

எட்டிலிருந்து பதினொன்று வரை அவளைப் பார்க்கச் சகிக்காது. அடிநூல் சுற்றிய பாபினை அதன் கூட்டில் வைத்து மாட்ட வராது. ஊசியில் நூல் கோக்க வராது. ஒன்றும் பேசாமல் பாபின் கூட்டை என் பக்கம் தள்ளுவாள். நானும் ஒன்றும் பேசாமல் மாட்டி, நூல் கோத்து, டக்கென்று வைப்பேன். ஒன்றும் பேசாமல் என்றா சொன்னேன்? "தினம் தினம் இதே ரோதனை" என்று சுவரைப் பார்த்துச் சொல்வேன். அவள் காதில் விழும்.

பதினோரு மணி அடித்தால் போதும், அதே கை பறக்கும். மத்தியானத்துக்குள் மூன்று காலர் வைத்துவிடுவாள். அங்கேதான் அவளுக்குக் கேடு வந்தது. நாள் முழுக்க முடியாமல் கிடந்தால் ஊர் நம்பும். இது எந்தக் கணக்கில் சேரும்? எங்கள் சூப்பர்வைசருக்கு வாட்ச் என்று பெயர், எந்நேரமும் கழுத்தில் ஸ்டாப் வாட்ச்சைத் தொங்கவிட்டுக்கொண்டு திரிவான். "என்னம்மா இது, ஆபீஸ் டைம் பார்த்து வர்ற வலியா?" என்பான். அவள் புருஷன் வேன் ஓட்டுகிறவன். அவனும், "நேத்து சாயந்திரம் நல்லாத்தானே துணி பிழிஞ்ச? விடிஞ்சா மட்டும் எப்படி வருது?" என்பானாம்.

டாக்டர்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். கழுத்து டாக்டரிடம் போய் அசதியாக இருக்கிறது என்றால், "அது மூட்டு வியாதியால, அவரைக் கேளுங்க" என்பார். மூட்டு டாக்டரிடம் போய் அதையே சொன்னால், "அது தைராய்டு, அவரைக் கேளுங்க" என்பார். இரண்டு பேர் அறையும் ஒரே வராந்தாவில்தான். நாலு வருடமாக அவள் அந்த வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். அந்த மகானுபாவர்கள் இருவரும் ஒரு நாள் எதிரெதிரே நின்று இரண்டு வார்த்தை பேசியிருந்தால் என்ன, நாக்கா தேய்ந்துவிடும்?

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது வாட்ச் என்னைத் தனியாகக் கூப்பிட்டான்.

"மேல ஒரு நாற்காலியைக் குறைக்கச் சொல்லிட்டாங்க. ஒண்ணு நீ, இல்ல காலர். காஜாவைக் கீழ ஹால்லயே அடிச்சுக்கலாம்னு மேனேஜர் சொல்றார். நான்தான் உனக்காகப் பேசிட்டு இருக்கேன். நீ அவ பக்கத்துலயே இருக்கறவ. உள்ளதைச் சொல்லு, அவளுக்கு நிஜமாவே முடியலையா, நடிக்கிறாளா?"

எனக்கு வயது நாற்பத்தொன்பது. கீழே ஹாலில் நூல் வெட்டுகிற வேலை என்றால் பத்து மணி நேரம் நின்றுகொண்டே. எலி கடித்த காஜாவும் ஞாபகம் வந்தது. நான் பொய் சொல்லவில்லை. ஒரு பொய்கூடச் சொல்லவில்லை.

"பதினோரு மணிக்கு வந்து பாருங்க சார். ஜிவ்வுன்னு தைப்பா" என்றேன்.

அவனுக்கு அது போதும். மறுநாளே அறைக்கு நடுவில் நின்று அறிவித்துவிட்டான். ஆறு வாரம் கழித்து மேனேஜர் வருவார். அவர் முன்னால் காலர் காலை எட்டு மணிக்கு உட்கார்ந்து பத்து மணிக்குள் ஒரு முழுச் சட்டை தைக்க வேண்டும். பட்டன் காஜா என் மிஷினில். முடித்தால் அவள் நாற்காலி அவளுக்கு, நான் கீழே. முடிக்காவிட்டால் அவள் கீழே.

"சார், பதினோரு மணிக்கு வைங்க. ரெண்டு சட்டை தைச்சுத் தரேன்" என்றாள் அவள்.

"மத்தியானம் ஓடற கை காலையிலயும் ஓடணும்மா. உனக்காக சூரியன் லேட்டா உதிக்குமா?" என்று கேட்டுவிட்டு, தன் பேச்சுக்குத் தானே சிரித்துக்கொண்டு போனான்.

அவள் அழவில்லை. அவள் அழுகிற ரகம் இல்லை. கணக்குப் போட்டாள். எட்டு மணிக்கு விரல் இளக வேண்டும் என்றால் நாலு மணிக்குச் சாப்பிட்டு மூட்டு மாத்திரை போட வேண்டும். அதற்கு ஒரு மணி நேரம் முன்னால் தைராய்டு மாத்திரை என்றால், மூன்று மணிக்கு எழுந்திருக்க வேண்டும். ஒரு வாரம் அப்படியும் எழுந்து பார்த்தாள். பஸ்ஸில் நின்றபடி தூங்கிக் கம்பியில் நெற்றியை இடித்துக்கொண்டு வந்தாள். ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில், என்ன தோன்றியதோ, மூன்று வருடத்துக்கு அப்புறம் என்னிடம் வாயைத் திறந்தாள்.

"ஒரு வழி கண்டுபிடிச்சிட்டேன்டி. அந்தக் கழுத்து மாத்திரையைத் தினமும் போடறதில்ல. நேரா நாலு மணிக்குச் சாப்பாடு, மூட்டு மாத்திரை. கழுத்து மாத்திரைய ஞாயித்துக்கிழமை ரெண்டாச் சேர்த்துப் போட்டுக்கறேன். கை பாரு."

கையை நீட்டினாள். விரல்கள் மடங்கின, விரிந்தன. அன்று காலையிலிருந்து பாபின் கூட்டை அவள் ஒரு தரம்கூட என் பக்கம் தள்ளவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"டாக்டரைக் கேட்டியா?"

"கேட்டேன். மாத்திரை நேரத்தைப் பத்தி அவரைக் கேளுங்கன்னு அவர் சொல்றார், இவரைக் கேளுங்கன்னு இவர் சொல்றார். போதும்டி. கையில தைக்கிறேனா, கழுத்துலயா?"

எனக்கு மட்டும் படிப்பு இருக்கிறதா என்ன? ஆனாலும் ஏழு நாள் பசிக்கு ஒரு நாள் இரண்டு மடங்கு சாப்பிட்டால் சரியாகுமா என்று கேட்கிற அளவுக்கு மூளை இருந்தது. கேட்கவில்லை. அவள் ஜெயித்தால் நான் கீழே. வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டேன்.

மூன்றாவது வாரம் குரல் கரகரத்தது. நாலாவது வாரம் போர்வை வந்தது. அப்புறம் முகம் உப்பியது. ஒன்று சொன்னால் அரை நிமிஷம் கழித்துத்தான் "ஆங்?" என்பாள். நாக்கில் தேள் வைத்திருந்தவள் எதற்கும் சுருக்கென்று பதில் சொல்லாமலாகிவிட்டாள். கை மட்டும் எட்டு மணிக்குத் தயாராக இருந்தது. வாட்ச் அதைப் பார்த்துவிட்டு என்னிடம், "பாத்தியா, பயம் வந்தா வியாதி பறக்குது" என்றான். அவனை அந்தக் கழுத்துக் கயிற்றாலேயே கட்டித் தொங்கவிடலாம் போல வந்தது. "ஆமா சார்" என்றேன்.

அந்த நாளும் வந்தது. மேனேஜர் வந்து ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, செல்போனை நோண்டிக்கொண்டிருந்தார். சட்டையை அவர் பார்த்ததாகவே தெரியவில்லை. எட்டு மணிக்கு வாட்ச் பொத்தானை அமுக்கினான். அவள் ஆரம்பித்தாள். ஊசியில் அவளே நூல் கோத்தாள். பாபினை அவளே மாட்டினாள். தோள், கை, பக்கம் எல்லாம் வரிசையாக விழுந்தன. கையில் ஒரு தடங்கல் இல்லை. கண்கள் மட்டும் பாதி மூடியிருந்தன, எங்கேயோ இருப்பவள் போல. நடுவில் இரண்டு தடவை தையலை நிறுத்தி, அடுத்து என்ன என்று யோசித்தாள். பதினெட்டு வருடமாகச் சட்டை தைக்கிறவள் அடுத்து என்ன என்று யோசித்தாள்.

ஒன்பது முப்பத்தைந்துக்குச் சட்டை என் மேஜைக்கு வந்தது. இன்னும் இருபத்தைந்து நிமிடம். நான் காஜா அடித்துக் கொடுக்க ஆறு நிமிடம் போதும். அவள் ஜெயித்துவிட்டாள் என்று நினைத்தேன். எப்போதும் போலச் சட்டையைத் திருப்பிப் பார்த்தேன்.

காலர் தலைகீழாக ஏறியிருந்தது.

விஷயம் இதுதான். காலருக்கு இரண்டு பக்கத் துணி. மேல்பக்கம் ஒரு இழை பெரியது, உள்ளே விறைப்புத் துணி ஒட்டியிருக்கும், அதனால்தான் முனைகள் கீழே பார்த்துப் படியும். அவள் மேலதைக் கீழேயும் கீழதை மேலேயும் போட்டு ஏற்றியிருந்தாள். இரண்டு முனையும் நாய்க்குட்டியின் காது போல மேலே சுருண்டுகொண்டு நின்றன. தையல் பழக வந்த முதல் வாரத்தில் செய்கிற தப்பு. அதைக் காலர் செய்திருந்தாள். செய்ததுகூடத் தெரியாமல், உப்பிய முகத்தோடு என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தாள்.

பிரித்துத் திருப்பி வைக்க நேரம் இருந்தது. ஆனால் காஜா விழுவதற்கு முன்னால் பிரிக்க வேண்டும். காலரைத் தாங்கும் கழுத்துப் பட்டையில் கத்தி இறங்கிவிட்டால், திருப்பி வைக்கும்போது ஓட்டை எதிர்ப்பக்கம் போய்விடும். பட்டையைப் புதிதாகத்தான் வெட்ட வேண்டும், அதற்கு நேரம் கிடையாது. "ஏய், காலரைப் பாருடி." இந்த மூன்று வார்த்தை போதும். பேசக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. மேனேஜர் செல்போனில் இருந்தார். வாட்ச் கடிகாரத்தில் இருந்தான்.

கழுத்துப் பட்டையை மிஷினுக்கு அடியில் வைத்தேன். மிதியை அமுக்கினேன். கத்தி இறங்கியது. அப்புறம் முன்பக்கத்துக்கு ஆறு, கைக்கு இரண்டு. என் ஜென்மத்திலேயே அவ்வளவு நேராகக் காஜா அடித்ததில்லை.

மேனேஜர் சட்டையை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். அவருக்குக்கூடத் தெரிந்தது. வாட்ச் சிரித்த சிரிப்பு கீழே ஹால் வரைக்கும் கேட்டிருக்கும். "காலர் அம்மாவே காலரைக் கவுத்துட்டாங்கப்பா!" அவள் சட்டையை வாங்கி வெகுநேரம் பார்த்தாள். அப்புறம் என் காஜாவை விரலால் ஒரு தரம் தடவினாள். மறுநாள் கீழே நூல் வெட்டப் போனாள். நாலாவது நாள் நின்றபடியே மயங்கி விழுந்தாள் என்று கேள்விப்பட்டேன். பிறகு வரவில்லை.

ஒரு மாதம் கழித்து ஒரு நாள் காலை, மற்றவர்கள் வருவதற்கு முன்னால் மேலே வந்தாள், தன் கத்தரிக்கோலை எடுத்துப்போக. முகத்தில் வீக்கம் குறைந்திருந்தது. அவள் மேஜை இழுப்பறை இப்போது என் நூல்கண்டுகளால் நிறைந்திருந்தது. நான் எல்லாவற்றையும் ஒதுக்கித் தேடினேன்.

"உடம்பு எப்படியிருக்கு?"

"பரவால்ல. விழுந்தப்போ தூக்கிட்டுப் போனாங்கல்ல, அங்க ஒரு சின்னப் பொண்ணு டாக்டர். அவகிட்ட எல்லாம் சொன்னேன். கேட்டுட்டு, 'ஏங்க, கழுத்து மாத்திரைய ராத்திரி படுக்கப் போறப்ப போட்டுக்கலாமே. சாப்பிட்டு மூணு மணி நேரம் ஆகியிருந்தாப் போதும்'னா. அவ்ளோதான்டி. காலையில நேரா சாப்பாடு, மூட்டு மாத்திரை. பத்து மணிக்குக் கையும் வருது, தூங்கி வழியறதும் போச்சு."

ஒரே ஒரு வரி. நாலு வருடம் வராந்தாவில் நடந்தும் கிடைக்காத ஒரு வரி. நான் அந்த இரண்டு டாக்டர்களையும் வாய்க்கு வந்தபடி திட்ட ஆரம்பித்தேன். அவள் என்னைத் திட்ட விட்டாள். மூச்சு வாங்குவதற்காக நான் நிறுத்தியதும் கேட்டாள்.

"நீ பார்த்தல்ல?"

"எதை?"

"காலரை. காஜா அடிக்கிறதுக்கு முன்னாடி நீ திருப்பிப் பார்ப்ப. பதினோரு வருஷமா நானும்தான் பார்த்துட்டிருக்கேன். ஒரு நாள் தவறினதில்ல."

பொய் சொல்லியிருக்கலாம். அவசரத்தில் கவனிக்கவில்லை என்று சொல்லியிருந்தால் முடிந்துபோயிருக்கும். கத்தரிக்கோல் கையில் கிடைத்துவிட்டிருந்தது. அதை மேஜைமேல் வைத்தேன்.

"பார்த்தேன்."

"எவ்ளோ நேரம் பாக்கி இருந்துச்சு?"

"இருபத்தஞ்சு நிமிஷம்."

"எனக்குப் பதினஞ்சு போதும்" என்றாள்.

கத்தரிக்கோலின் வளையத்தில் விரலை நுழைத்துப் பார்த்தாள். எத்தனை மாத்திரை போட்டால் என்ன, காலை ஏழரை மணி. நுழையவில்லை. இரண்டு உள்ளங்கைகளாலும் சேர்த்து அள்ளிப் பைக்குள் போட்டாள். பையின் ஜிப்பை இழுக்க வரவில்லை. ஒரு தரம் இழுத்தாள், இரண்டு தரம் இழுத்தாள். பழக்கதோஷம், நான் கையை நீட்டினேன்.

"தொடாத" என்றாள்.

திறந்த பையை மார்போடு அணைத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.